கொள்முதலும் கையிருப்பும்: கல்லூரி ஃபுட்பால் ஆள்சேர்ப்புப் பட்டியலைப் படிப்பது எப்படி?

2026 ஜனவரி 19 அன்று இரவு, மயாமியை ஒட்டியுள்ள ஹார்ட் ராக் ஸ்டேடியத்தில் இந்தியானா பல்கலைக்கழக அணி, மயாமி பல்கலைக்கழகத்தை 27-21 என்று வென்று அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தேசியப் பட்டத்தைத் தூக்கியது. அந்த சீசனில் அது ஆடியது 16 ஆட்டம், பதினாறிலும் வெற்றி. வரலாற்றிலேயே மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த அணிகளில் ஒன்று அது என்பதால் செய்தியைப் பார்த்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள்.

இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து கவனிப்பவர்களுக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது. எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு நல்ல பையன்கள் கிடைத்திருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் ஒரு தரவரிசை வெளியாகும். கடந்த நான்கைந்து ஆண்டுப் பட்டியல்களை எடுத்து முதல் 20 இடங்களுக்குள் இந்தியானாவைத் தேடினால் கிடைக்காது. 2025இல் பட்டியலின் உச்சியில் இருந்தது டெக்சாஸ். சீசன் தொடங்கும் முன்பு வந்த கருத்துக்கணிப்பில் முதலிடம் கிடைத்ததும் டெக்சாஸுக்குத்தான். ஆனால் 12 அணிகள் ஆடும் பிளேஆஃபுக்குள்கூட அது நுழையவில்லை.

அப்படியென்றால் பட்டியல் பொய்யா? பொய் இல்லை. அது ஒரு கொள்முதல் கணக்கு. கடைக்கு இந்த வருடம் எவ்வளவு சரக்கு வந்தது, என்ன தரம் என்று அது சொல்லும். அதில் எவ்வளவு கடையில் தங்கியது, எவ்வளவு பக்கத்துக் கடைக்குப் போனது, பழைய இருப்பு என்ன என்பதெல்லாம் அதில் எழுதப்படுவதில்லை. நாம் கொள்முதல் ஏட்டைப் புரட்டிவிட்டு இருப்பு தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆள்சேர்ப்பு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்

இங்கே ஃபுட்பால் என்பது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி அளவில் மேல்தட்டில் 130க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் டிராஃப்ட் என்ற முறை உண்டு. போன வருடம் கடைசியில் வந்த அணிக்கு இந்த வருடம் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கும். பலவீனமான அணி தலைதூக்க அது ஒரு வழி.

கல்லூரிகளுக்கு டிராஃப்டும் கிடையாது, ஏலமும் கிடையாது. தேர்ந்தெடுப்பவன் பள்ளி முடிக்கப்போகும் 17 வயதுப் பையன். அதனால் பெரிய கோச்சுகளே அவன் வீட்டுக்கு வந்து, அம்மா அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிவிட்டுப் போவார்கள். பையன்கள் ஜெயிக்கும் கல்லூரிக்குத்தான் போக ஆசைப்படுவார்கள். அவர்கள் போவதால் அந்தக் கல்லூரி மேலும் ஜெயிக்கும். இந்தச் சக்கரத்தை நிறுத்த விதி எதுவும் இல்லை. அலபாமா, ஒஹாயோ ஸ்டேட், ஜார்ஜியா என்று அதே பத்துப் பதினைந்து பெயர்கள் வருடா வருடம் மேலே நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

செய்திகளில் அடிக்கடி வரும் சில சொற்கள்:

1. ஆஃபர்: ஸ்காலர்ஷிப் தருகிறோம், வா என்று கோச் அழைப்பது.
2. கமிட்: வருகிறேன் என்று பையன் வாய்வார்த்தையாகச் சொல்வது. இது யாரையும் கட்டாது.
3. ஃப்ளிப்: ஒரு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் இன்னொன்றில் கையெழுத்துப் போடுவது. 2021 டிசம்பரில் நாட்டின் முதல் வரிசை ஆட்டக்காரரான டிராவிஸ் ஹன்டர், ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்துவிட்டு, அன்று டியான் சாண்டர்ஸ் கோச்சாக இருந்த ஜாக்சன் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரிக்குப் போனார்.
4. கையெழுத்து நாள்: பல்லாண்டுகளாக பிப்ரவரி முதல் புதன்கிழமைதான் பெரிய நாள். 2017இலிருந்து டிசம்பரிலும் கையெழுத்திடலாம் என்று ஆனது. இப்போது பெரும்பாலானவர்கள் டிசம்பரிலேயே முடித்துவிடுகிறார்கள். பிப்ரவரிக்கு மிஞ்சுவது எச்சம்தான்.
5. கிளாஸ்: ஒரு வருடம் சேரும் மொத்தப் புதுமுகங்கள். 2025 கிளாஸ் என்றால் அந்த ஆண்டு கல்லூரிக்குள் நுழைந்தவர்கள்.

நட்சத்திரம் போடுவது யார்?

1970களின் கடைசியிலும் 80களிலும் சிலர் ஊர் ஊராகப் போய்ப் பள்ளி ஆட்டங்களைப் பார்த்து, குறிப்பெடுத்து, செய்திமடலாக அச்சடித்துத் தபாலில் விற்றார்கள். இந்தத் தொழிலின் ஆரம்பம் அதுதான். 1998இல் ரைவல்ஸ் என்ற இணையதளம் வந்தது. 2010இல் 247ஸ்போர்ட்ஸ், 2021இல் ஆன்3. பின்னால் வந்த இரண்டையும் தொடங்கியவர் ஷானன் டெர்ரி என்ற ஒரே ஆள். 2025இல் ரைவல்ஸும் ஆன்3 கைக்குப் போய்விட்டது. விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈஎஸ்பிஎன் தன் பங்குக்குத் தனியாக ஒரு பட்டியல் போடுகிறது.

இவர்கள் பையனின் ஆட்ட வீடியோ, உயரம், எடை, ஓட்ட வேகம், பயிற்சி முகாமில் அவன் காட்டியது எல்லாவற்றையும் பார்த்து இரண்டு முதல் ஐந்து நட்சத்திரம் வரை தருவார்கள். ஐந்து நட்சத்திரம் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 32 பேருக்குத்தான். ஏன் 32? என்எஃப்எல் டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள். 247ஸ்போர்ட்ஸ் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் தன் அளவை அமைத்துக்கொண்டது.

இதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தப் பையன் மூன்று நான்கு வருடம் கழித்து என்எஃப்எல்லுக்குப் போகக்கூடிய உடல்வாகும் திறமையும் உள்ளவனா என்பதைத்தான் ஐந்து நட்சத்திரம் சொல்கிறது. கல்லூரி ஆட்டத்தில் ஜெயித்துத் தருவானா என்பது அதற்குப் பக்கத்து வீட்டுக் கேள்வி. பக்கத்து வீடு என்றாலும் வேறு வீடு. பதறாமல் சரியான நேரத்தில் பந்தை எறிந்து தரும், அவ்வளவு உயரமில்லாத ஒரு குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) கல்லூரியில் ராஜாவாக இருக்கலாம். அவனுக்கு நட்சத்திரம் குறைவாகத்தான் விழும்.

ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு மாதிரி மதிப்பெண் போடுவதால், எல்லாவற்றையும் கலந்து ஒரே எண்ணாக்கித் தருவது 247ஸ்போர்ட்ஸின் கூட்டு மதிப்பீடு. செய்திகளில் பெரும்பாலும் எடுத்தாளப்படுவது இதைத்தான். இதில் உச்ச மதிப்பு 1. நான்கு நட்சத்திரத்தின் எல்லைக்கோடு 0.89. அதாவது 0.8899 வாங்கியவன் மூன்று நட்சத்திரம், 0.8900 வாங்கியவன் நான்கு. கட்-ஆஃப் மார்க்கில் அரை மதிப்பெண்ணில் இடம் போனவர்களைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல. இரண்டு பையன்களுக்கும் திறமையில் வித்தியாசம் எதுவும் இல்லை. பட்டியலில் மட்டும் இருக்கிறது.

இன்னொரு சிக்கல், வட்டமாகச் சுற்றும் தர்க்கம். அலபாமா ஒரு பையனுக்கு ஆஃபர் கொடுத்தால் மதிப்பீட்டாளர்கள் அவன் வீடியோவை மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். மதிப்பெண் ஏறும். பிறகு, பார், அலபாமா எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் உள்ளவர்களை எடுக்கிறது என்று அதே எண்ணைக் காட்டுவார்கள். இதை முழுக்க ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஆள் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கோச் ஒருவரின் தேர்வும் ஒரு தகவல்தானே. ஆனால் பட்டியலும் கோச்சும் தனித்தனிச் சாட்சிகள் அல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அணிக்குப் புள்ளி எப்படி வருகிறது?

25 பேர் சேர்ந்தார்கள் என்றால் 25 பேரின் மதிப்பெண்ணையும் கூட்டிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் சுமாரான 35 பேரைச் சேர்த்த அணி, அருமையான 18 பேரைச் சேர்த்த அணியைத் தாண்டிவிடும். சராசரி எடுத்தாலும் சிக்கல்: ஐந்து நட்சத்திரக்காரர் ஒருவரை மட்டும் சேர்த்துவிட்டு மற்ற இடங்களைக் காலியாக விட்ட அணி முதலிடத்துக்கு வந்துவிடும்.

247ஸ்போர்ட்ஸ் இதற்கு மணி வடிவ வளைவு ஒன்றைப் பயன்படுத்துகிறது. அணியின் ஆட்களை மதிப்பெண்படி வரிசையாக நிறுத்துவார்கள். முதல் ஆளின் மதிப்பெண் முழுசாக எடுத்துக்கொள்ளப்படும். அடுத்தடுத்து வருபவர்களுக்கு எடை குறைந்துகொண்டே போகும். அந்த வளைவின் அகலம், அந்த ஆண்டு அணிகள் சேர்த்த ஆட்களின் எண்ணிக்கை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதிலிருந்து எடுக்கப்படுகிறது. உதாரணத்துக்கு அகலம் 9 என்று வைத்துக் கணக்குப் போட்டால்:

1. முதல் ஆளுக்கு எடை 100 சதவீதம்.
2. 10ஆவது ஆளுக்கு சுமார் 61 சதவீதம்.
3. 20ஆவது ஆளுக்கு சுமார் 11 சதவீதம்.
4. 25ஆவது ஆளுக்கு 3 சதவீதத்துக்கும் கீழே.

அதாவது 25ஆவது ஆள் இரண்டு நட்சத்திரமா நான்கு நட்சத்திரமா என்பது மொத்தத்தை அசைக்காது. ஆனால் 10ஆவது இடத்துக்கு ஆளே இல்லாத அணிக்கு அடி பலமாக விழும். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு அப்படி நடந்தது. 2010இல் விதிமீறலுக்காக, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ, மூன்று ஆண்டுகளில் 30 ஸ்காலர்ஷிப்புகளைப் பறித்தது. ஆண்டுக்கு 15 பேருக்கு மேல் எடுக்க முடியாத நிலை. தலைக்குத் தலை பார்த்தால் நாட்டின் முன்னணி வரிசையில் நிற்கும் பையன்கள் வந்தார்கள். ஆள் எண்ணிக்கை குறைந்ததால் பட்டியலில் இடம் இறங்கியது. மூன்று ஆண்டு கழித்துத்தான் உண்மையான வலி தெரிந்தது. ஒருவர் காயம் பட்டால் இறக்க ஆளில்லை.

ஆண்டு விட்டு ஆண்டு ஒப்பிடும்போது வழுக்கும் இடங்கள்

1. புள்ளிகளை ஒப்பிடக் கூடாது. வளைவின் அகலமே ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2014இல் ஒரு அணி எடுத்த புள்ளியும் 2024இல் இன்னொரு அணி எடுத்த புள்ளியும் ஒரே முழக்கோலால் அளந்தவை அல்ல. இடத்தை, அதாவது முதலாவதா ஐந்தாவதா என்பதை ஒப்பிடுவது ஓரளவு பாதுகாப்பு.

2. 2000க்கு முன்னால் போகாதீர்கள். நட்சத்திரக் கணக்கு ஓரளவு சீராகக் கிடைப்பது அந்த நூற்றாண்டுத் திருப்பத்திலிருந்துதான். அதற்கு முந்தைய செய்திமடல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொருவரின் ரசனை. இணையமும் வீடியோவும் இல்லாத காலத்தில், மூலையிலிருக்கும் ஊரில் ஆடிய பையன் யார் கண்ணிலும் படாமலே போயிருக்கலாம்.

3. விதிகள் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1970களுக்கு முன்பு பணக்காரக் கல்லூரிகள், தங்களுக்குத் தேவையில்லாவிட்டாலும் எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று ஆட்களைக் குவித்து வைத்துக்கொள்ள முடிந்தது. 1973இல் ஸ்காலர்ஷிப்புக்கு 105 என்று வரம்பு வந்தது. 1978இல் அது 95 ஆனது. 1990களின் முற்பகுதியில் 85க்கு இறங்கியது. ஒவ்வொரு முறை வரம்பு குறைந்தபோதும் மேலே இருந்தவர்களிடமிருந்து கொஞ்சம் திறமை கீழே வழிந்தது.

இந்த மூன்றாவது விஷயத்துக்கு நெப்ராஸ்காவைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1969 முதல் 2001 வரை 33 சீசன்களில் ஒன்றில்கூட ஒன்பது வெற்றிக்குக் கீழே போகாத அணி அது. ஐந்து தேசியப் பட்டங்கள். அதில் மூன்று 1994, 1995, 1997இல். அந்த மாநிலத்தில் மக்கள்தொகை குறைவு; ஊருக்குள்ளேயே பெரிய ஆட்டக்காரர்கள் வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கிடைப்பார்கள். டெக்சாஸ், ஃபுளோரிடா, கலிஃபோர்னியா, ஜார்ஜியா மாதிரி விளையும் பூமி இல்லை அது. ஸ்காலர்ஷிப் இல்லாமல் சொந்தச் செலவில் சேர்ந்த உள்ளூர்ப் பையன்களை வருடக்கணக்கில் எடை தூக்கவைத்து வளர்த்தார்கள். எல்லாரும் பந்தை எறியப் பார்த்த காலத்தில் ஓடியே ஜெயிக்கும் முறையைப் பிடித்துக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் சில ஆட்டங்கள் மட்டும் காட்டப்பட்ட காலத்தில் அடிக்கடி கண்ணில் பட்ட பெயர் அவர்களுடையது. 1984இல் உச்ச நீதிமன்றம் தொலைக்காட்சி உரிமைகள் மீது என்சிஏஏவுக்கு இருந்த பிடியை உடைத்த பிறகு எல்லார் ஆட்டமும் எல்லா வீட்டுக்கும் வர ஆரம்பித்தது. நெப்ராஸ்காவின் சாதகங்கள் ஒவ்வொன்றாக எல்லாருக்கும் பொதுவாகிவிட்டன. 2011இல் அது பிக் டென் கூட்டமைப்புக்கு மாறியதும், டெக்சாஸில் வழக்கமாக ஆடிவந்த ஆட்டங்களும் போய்விட்டன.

பழைய நெப்ராஸ்காவுக்கு நட்சத்திரக் கணக்கு போட்டிருந்தால் எத்தனை வந்திருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு அர்த்தம் குறைவு என்பது என் எண்ணம். அவர்கள் வாங்கிய சரக்கு சாதாரணம். பட்டறையில் அடித்துத் தயாரித்ததுதான் அசாதாரணம். கொள்முதல் ஏட்டில் பட்டறைக்குப் பத்தி கிடையாது.

நான்கு வருடத்தைச் சேர்த்துப் பார்த்தால்

ஒரு கிளாஸ் சேர்ந்த வருடமே ஆட்டத்தை மாற்றுவது அபூர்வம். 18 வயதுப் பையன், 22 வயது ஆளோடு மோதி நிற்க இரண்டு வருடமாவது வேண்டும். ஜார்ஜியாவைப் பாருங்கள். 2015 டிசம்பரில் கெர்பி ஸ்மார்ட் கோச்சாகப் பொறுப்பேற்றார். 2018 கிளாஸ் நாட்டில் முதலிடம், 2020 கிளாஸ் மறுபடி முதலிடம். பட்டம் வந்தது 2021, 2022 சீசன்களில். 2022 டிராஃப்டில் ஜார்ஜியாவிலிருந்து 15 பேர் என்எஃப்எல்லுக்குப் போனார்கள்; ஏழு சுற்று டிராஃப்டில் அதுவரை எந்தக் கல்லூரியும் தொடாத எண்ணிக்கை. அலபாமா 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு ஆண்டு ஆள்சேர்ப்பில் முதலிடத்தில் இருந்ததையும், கோச் நிக் சேபன் காலத்தில் அது ஆறு பட்டம் வென்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதே தொடர்பு தெரியும்.

இந்தத் தாமதத்தைக் கணக்கில் கொண்டு எழுத்தாளர் பட் எலியட் ஒரு எளிய அளவுகோல் கொண்டுவந்தார்: ப்ளூ-சிப் விகிதம். கடந்த நான்கு கிளாஸ்களில் சேர்ந்தவர்களில் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் பாதிக்கு மேல் இருக்கிறார்களா? இருந்தால் அந்த அணிக்குப் பட்டம் வெல்லும் தகுதி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சமீப ஆண்டுகளில் 15 முதல் 18 அணிகள்தான் இந்தக் கோட்டைத் தாண்டுகின்றன.

இதன் அழகு, இது யார் ஜெயிப்பார் என்று சொல்லவில்லை. யார் ஜெயிக்க மாட்டார் என்று சொன்னது. 2016 கிளெம்சனும் 2023 மிச்சிகனும் கோட்டை மயிரிழையில்தான் தாண்டியிருந்தன, ஆனாலும் தாண்டியிருந்தன. கோட்டுக்குக் கீழே இருந்த டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் 2022 சீசனின் இறுதி ஆட்டம் வரை வந்தது. அங்கே ஜார்ஜியாவிடம் வாங்கியது 65-7. நட்சத்திரங்களை நம்பாதவர்களுக்கு அந்த இரவு பெரிய சோதனை. அவர்களுக்கும் ஒரு ஆறுதல் இருந்தது: அன்று ஜார்ஜியாவின் குவாட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னெட், ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் நுழைந்தவர்.

மூன்று நட்சத்திரக்காரர்கள்தானே பெரிய ஆளாகிறார்கள்?

என்எஃப்எல்லில் பெரிய பெயர் எடுத்தவர்களைப் பாருங்கள். ஜே.ஜே. வாட் இரண்டு நட்சத்திரம். ஆரன் டொனால்டு மூன்று. ஜாஷ் ஆலனை பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் சீண்டவில்லை. இந்தப் பெயர்களைச் சொல்லி, பட்டியல் சுத்த வேஸ்ட் என்று முடிப்பவர்கள் எப்போதும் உண்டு. ஒரு சின்னக் கணக்கு போதும். எண்கள் புரிந்துகொள்வதற்காக மட்டும்.

ஐந்து நட்சத்திரக்காரர்கள் 30 பேர். அதில் பாதிப் பேர் என்எஃப்எல்லுக்குப் போனால் 15. மூன்று நட்சத்திரக்காரர்கள் 2000 பேர். இருபதில் ஒருவர் போனால் 100. என்எஃப்எல் மைதானத்தில் நின்று எண்ணினால் மூன்று நட்சத்திரக் கூட்டம்தான் கண்ணை நிறைக்கும். ஆனால் இன்று ஒரு பையனைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கோச்சுக்கு, பாதிக்குப் பாதி வாய்ப்பும் இருபதில் ஒரு வாய்ப்பும் ஒன்றாகிவிடுமா?

தனி ஆள் விஷயத்தில் பட்டியல் அடிக்கடி தவறும். 85 பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தவறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அதனால்தான் ஆட்டக்காரர் மட்டத்தில் கேலிக்கு ஆளாகும் அதே எண்கள், அணி மட்டத்தில் நன்றாகவே வேலை செய்கின்றன. செய்துவந்தன என்று சொல்வது சரி.

2022 டெக்சாஸ் ஏ அண்ட் எம்: சரக்கு நல்லது, கடை காலி

கொள்முதலுக்கும் கையிருப்புக்கும் உள்ள இடைவெளியைக் கிட்டே போய்ப் பார்க்க ஒரு கிளாஸ் போதும். 2022இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் சேர்த்த கிளாஸ், அதுவரை பதிவானவற்றிலேயே அதிகப் புள்ளி பெற்றது. ஐந்து நட்சத்திரக்காரர்கள் மட்டும் ஏழெட்டுப் பேர். அலபாமாவையும் ஜார்ஜியாவையும் பின்னால் தள்ளிய நாள் அது. கோச் ஜிம்போ ஃபிஷர் பத்து வருட ஒப்பந்தத்தோடு வந்தவர்; இனி இவர்கள் காலம் என்றுதான் எல்லாரும் எழுதினார்கள்.

அந்த சீசனில் அவர்கள் 5 வென்று 7 தோற்றார்கள். செப்டம்பரில் சொந்த மைதானத்திலேயே அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 17-14 என்று விழுந்தார்கள். 2023 நவம்பரில் ஃபிஷரை அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கும் மேல்.

எங்கே போனது அவ்வளவு திறமையும்? முதல் காரணம், கிளாஸின் கனம் தடுப்பாட்ட முன்வரிசையில் குவிந்திருந்தது. புள்ளிக் கணக்குக்கு எந்த இடத்துக்கு ஆள் வேண்டும் என்பது தெரியாது. நல்ல முன்வரிசை ஆள் ஐந்து பேரைச் சேர்த்தாலும் ஏறக்குறைய ஐந்து மடங்கு புள்ளி தந்துவிடும். இரண்டாவது காரணம் பெரியது. பையன்கள் கிளம்பிவிட்டார்கள். எல்.டி. ஓவர்டன் அலபாமாவுக்கு, ஈவன் ஸ்டூவர்ட் ஒரிகனுக்கு, கானர் வைக்மன் ஹூஸ்டனுக்கு, டென்வர் ஹாரிஸ் லூயிசியானா ஸ்டேட்டுக்கு, வால்டர் நோலன் மிசிசிப்பிக்கு.

2025 டிராஃப்டில் நோலன் 16ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அடுத்த 17ஆவது இடத்தில் போனவர் ஷெமார் ஸ்டூவர்ட், அதே 2022 கிளாஸ், கடைசிவரை ஏ அண்ட் எம்மிலேயே இருந்தவர். நட்சத்திரம் போட்டவர்கள் இருவரையும் சரியாகத்தான் கணித்திருந்தார்கள். ஆனால் அதில் ஒருவரின் கடைசி வருட ஆட்டம் வேறு கடையில் விற்பனையானது.

2021க்குப் பிறகு என்ன மாறியது

1. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். கல்லூரி மாற விரும்புபவர் தன் பெயரைப் பதியும் தரவுத்தளம். 2018 அக்டோபரில் தொடங்கியது. அப்போது மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021 ஏப்ரலில் ஒருமுறை மாறுபவருக்கு அது நீங்கியது. 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது.

2. பணம். 2021 ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசம், கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம் என்றது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரி தன் எல்லா ஆட்டங்களுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர் வரை தரலாம்.

3. ஆள் எண்ணிக்கை. 85 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு போய், அணியில் மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்தது.

இதன் விளைவு, கடைக்கு இன்னொரு வாசல் திறந்துவிட்டது. அந்த வழியாக சரக்கு உள்ளேயும் வரும், வெளியேயும் போகும். பழைய பட்டியல் முன்வாசலில் மட்டும் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறது.

2024 ஜனவரி 10 அன்று சேபன் ஓய்வு பெற்றார். அலபாமா ஆட்டக்காரர்களுக்குப் போர்ட்டல் திறந்தது. முதலிடம் பெற்ற 2023 கிளாஸின் மணியான கேலப் டௌன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். அந்த வருடம் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு மிசிசிப்பியிலிருந்து குவின்ஷான் ஜட்கின்ஸும், கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து குவாட்டர்பேக் வில் ஹவார்டும் வந்து சேர்ந்தார்கள். ஆட்டக்காரர்களுக்காகச் சுமார் 2 கோடி டாலர் செலவானது என்று அதன் விளையாட்டு இயக்குநரே சொன்னார். அந்த சீசனின் பட்டம், நோட்டர் டேமை 34-23 என்று வென்று, ஒஹாயோ ஸ்டேட்டுக்குத்தான். ஆள்சேர்ப்பு ஏட்டில் டௌன்ஸ் இன்றும் அலபாமாவின் வரவு.

இதன் எதிர்முனைதான் இந்தியானா. 2023 நவம்பர் கடைசியில் ஜேம்ஸ் மாடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கெர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தபோது, அவர் பின்னால் அங்கிருந்து 13 ஆட்டக்காரர்களும் வந்தார்கள். எலைஜா சாரட், டி'ஆஞ்சலோ பாண்ட்ஸ், ஏடன் ஃபிஷர் எல்லாரும் அந்த வண்டியில் ஏறியவர்கள். பெரிய உடல்வாகும் பெரிய வாக்குறுதியும் கொண்ட 18 வயதுப் பையனைவிட, ஏற்கெனவே கல்லூரி மைதானத்தில் ஆடிக்காட்டிய 22 வயது ஆள் மேல் என்பது அவர் கணக்கு. வாய்ப்பை விட்டுவிட்டு வரவைப் பார்த்தார். 2025 குவாட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோசா, பள்ளி முடிக்கும்போது யேல் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தவர்; கடைசியில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆடி, போர்ட்டல் வழியே இந்தியானா வந்தார். அந்த வருடமே, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் விருதை வாங்கினார்.

ப்ளூ-சிப் விகிதம் பள்ளியிலிருந்து நேராக வருபவர்களை மட்டுமே எண்ணும். போர்ட்டலில் வந்தவர்கள் அதில் இல்லை. அதனால் இந்தியானா அந்தக் கோட்டுக்கு எங்கோ கீழே இருந்தது. பட்டத்துக்கு இது முன்நிபந்தனை என்று இருந்த பேச்சு அந்த ஜனவரி இரவோடு உடைந்தது. ஒரு விஷயத்தை மட்டும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். அன்று எதிரே நின்ற மயாமி, கோட்டுக்கு மேலே இருந்த அணி. அதன் குவாட்டர்பேக் கார்சன் பெக்கும் ஜார்ஜியாவிலிருந்து போர்ட்டலில் வந்தவர்தான். நட்சத்திரங்கள் செத்துவிட்டன என்பதற்கு ஒரே ஒரு இந்தியானா போதாது.

இனி ஒப்பிடுகிறவர்கள் பார்க்க வேண்டியது

1. நான்கு வருட சராசரி இடம். ஒரு வருடத்து முதலிடம் அல்ல.
2. அந்த நான்கு கிளாஸ்களிலிருந்து இன்னும் எத்தனை பேர் அணியில் இருக்கிறார்கள். 247ஸ்போர்ட்ஸ் 2015 முதல் வெளியிடும் அணித்திறன் பட்டியல், அன்றைய தேதியில் அணியில் உள்ள எல்லாரையும் எண்ணுவதால் இருப்புக் கணக்குக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை: பல வருடம் ஆடி ஹைஸ்மன் வாங்கியவரையும் பள்ளிக்கூட மதிப்பெண்ணை வைத்தே எடைபோடும்.
3. போர்ட்டலில் வந்தவர்கள் முன்பு எத்தனை ஆட்டம் களத்தில் நின்றவர்கள்.
4. குவாட்டர்பேக்கும், தாக்குதல், தடுப்பு இரண்டு பக்க முன்வரிசையும். மற்ற இடங்களில் குறை இருந்தால் ஒப்பேற்றலாம், இங்கே முடியாது.

இதில் நாட்காட்டியும் ஒரு விஷயம். கையெழுத்துகள் டிசம்பர் முதல் வாரத்தில் விழுகின்றன. அன்று மாலையே யார் முதலிடம் என்று தலைப்புச் செய்தி வந்துவிடும். போர்ட்டல் 2026இல் திறந்தது ஜனவரி 2, மூடியது ஜனவரி 16. முதலிடம் அறிவித்து ஒரு மாதம் கழித்துத்தான் பின்வாசல் திறக்கிறது.